அளக்கிற நேரம், அள்ளுகிற நேரம்

எங்கள் அம்மாவுக்கு அரசாங்கம் 100 வெள்ளி கொடுத்தது. எனக்கும் கொடுத்தது. நாங்கள் குடியிருக்கும் வீட்டு முதலாளிக்கும் கொடுத்தது. அவர் பேரில் செர்டாங் பக்கம் மட்டும் நாலு கடைவீடு இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 31-ஆம் தேதி தொடங்கிய கதை இது. 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் எல்லோருக்கும், ஏழை பணக்காரர் பார்க்காமல், மைகாட் அடையாள அட்டையில் 100 வெள்ளி. ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் பேர். பணமாக எடுக்க முடியாது. பதிவு செய்த கடைகளில் அரிசி, எண்ணெய், பிஸ்கட் என்று வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்து கிலோ அரிசி, ஒரு போத்தல் எண்ணெய், பேரப்பிள்ளைகளுக்கு ஒரு டின் பிஸ்கட். கல்லாவில் இருந்த பொண்ணு கார்டைச் செருகியதும் அம்மா மெதுவாகக் கேட்டார்: "எல்லாருக்குமாய்யா குடுக்குறாங்க? நம்ம வீட்டு முதலாளிக்குமா?"

"அவருக்கும்தான்ம்மா."

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்லுவாங்க. இவங்க அளக்கவே மாட்டாங்க போல."

பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். சம்பளத் தேதிக்கும் தோட்டக் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவே எட்டுப் பேருக்குச் சோறு போட்ட குடும்பம். இன்றைக்கும் பால் டின்னால்தான் அரிசி அளப்பார். அவர் சொன்னால் எனக்கு உடனே மறுத்துப் பேச வராது. வீடு திரும்பும் வழியில், அரிசி மூட்டை மடியில் கனக்க, நான் யோசித்துக்கொண்டிருந்தது 2021 ஜூலையைப் பற்றி.

அப்போது முழு அடைப்பு. ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து வேலை, கடை, பள்ளிக்கூடம் எல்லாம் மூடிக் கிடந்தன. எங்கள் அடுக்குமாடிக்கு எதிர் பிளாக்கில், மூன்றாவது மாடியில் ஒரு அக்கா இருக்கிறார். பள்ளிக் கேன்டீனில் வேலை. பள்ளி இல்லை என்றால் கேன்டீனும் இல்லை, சம்பளமும் இல்லை. வீட்டுக்காரர் லோரியில் கூடமாட ஏற்றி இறக்கும் ஆள், நாள் சம்பளம். ஒரு நாள் மாலை துணி எடுக்கப் போன அம்மா சொன்னார், "அந்தப் பொண்ணு மூணு நாளா ஒரு தலைகாணி உறைய எடுக்காமலே விட்டிருக்கு. மழையில நனையுது, காயுது, திரும்ப நனையுது. உடம்புக்கு முடியலையோ என்னவோ."

துணியை மறந்துவிட்டார் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் புரிந்தது. ஜூன் கடைசி வாரம்தான் அந்த வெள்ளைக் கொடி இயக்கம் நாடு முழுக்கப் பரவியிருந்தது. வீட்டில் சாப்பாடு இல்லையா? வெட்கப்பட வேண்டாம். யாரிடமும் கையேந்த வேண்டாம். வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டுங்கள், பார்த்தவர்கள் வருவார்கள். அவ்வளவுதான். பாரம் இல்லை, சம்பள ஸ்லிப் இல்லை, பெங்ஹுலு கையெழுத்து இல்லை. சில அரசியல்வாதிகளுக்கு இது பிடிக்கவில்லை. கொடி பிடிப்பது தோல்வியை ஒத்துக்கொள்வது, கையைத் தூக்கி ஆண்டவனிடம் கேளுங்கள் என்றுகூடப் பேசினார்கள். இன்னொரு பக்கம், எந்தத் தெருவில் கொடி இருக்கிறது என்று காட்ட நம்ம பிள்ளைகள் செயலியே செய்தார்கள். ஒன்றுக்குப் பெயர் 'சம்பல் எஸ்ஓஎஸ்'. இந்த நாட்டில்தான் அபாய அறிவிப்புக்குக்கூட சம்பல் வாசனை அடிக்கும்.

அஞ்சு கிலோ அரிசி, நாலு டின் சார்டின், ஒரு தட்டு முட்டை கொண்டுபோய் வைத்தேன். எனக்கு முன்னாலேயே கீழ்வீட்டுச் சீன அங்கிள் மீ பாக்கெட்டும் ஒரு பை காய்கறியும் வைத்திருந்தார். காய்கறி நம்ம புத்ரா பெர்மாய் பாசார் போரோங்கில் வாங்கியதுதான். பையைப் பார்த்தாலே தெரியும். ராத்திரிக்குள் யாரோ ஒரு மலாய்க்காரத் தம்பி எரிவாயுத் தோம்பே தூக்கி வந்துவிட்டான், மூணு மாடி, லிஃப்ட் இல்லாமல். மறுநாள் காலை அந்தத் தலையணை உறை இல்லை. எடுத்துவிட்டார்.

அதே வாரம், ஜூன் 28-ஆம் தேதி, அரசாங்கமும் ஒன்றை அறிவித்தது. 'பெமூலே' திட்டம், 150 பில்லியன் வெள்ளி. தொலைக்காட்சியில் கேட்டபோது மூச்சு நின்றது. பிறகு கணக்கைப் பிரித்துப் பார்த்தால், அரசாங்கம் நேரடியாகத் தன் கையிலிருந்து போட்டது 10 பில்லியன். மிச்சத்தில் பெரும்பகுதி வங்கித் தவணைத் தள்ளிவைப்பு, கடன் உத்தரவாதம் மாதிரி சமாச்சாரங்கள். அதோடு ஐ-சித்ரா.

ஐ-சித்ரா. பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுக் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும். விஷயம் என்னவென்றால், உங்கள் இபிஎஃப் கணக்கிலிருந்து, அதாவது ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்து, நீங்களே 5,000 வெள்ளி எடுத்துக்கொள்ளலாம், மாசம் ஆயிரமாக. அதற்கு முன்னால் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார். அதற்குப் பின்னால் 2022 ஏப்ரலில் இன்னொரு 10,000. நாலும் சேர்த்து 145 பில்லியன் வெள்ளி வெளியே போனது. எடுத்தவர்கள் 81 லட்சம் பேர். கொரோனா காலத்து உதவித் திட்டங்கள் மொத்தம் எட்டு. அவற்றின் அறிவிப்புத் தொகையைக் கூட்டினால் 530 பில்லியன். அரசாங்கம் நேரடியாக இறக்கியது அதில் சுமார் 83 பில்லியன்.

83-ஐயும் 145-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட்டின் ஈகை என்று நாம் பேசுகிறோமே, அதில் அரசாங்கம் போட்டதைவிட, தொழிலாளி தன் கிழட்டுக் காலத்துக்கு வைத்திருந்ததை உடைத்துத் தனக்குத்தானே போட்டுக்கொண்டது அதிகம்.

இதை நான் சொன்னதும் என் நண்பனுக்குக் கோபம் வந்தது. அவன் புத்ராஜெயாவில் கணக்கு வழக்கு பார்க்கும் வேலையில் இருக்கிறான். எம்ஆர்டி வந்த பிறகு சில நாள் நாங்கள் ஒன்றாகப் போகிறோம். செர்டாங் ஜெயாவில் ஏறினால் அதே ரயில் புத்ராஜெயா செண்ட்ரல் வரைக்கும் போகும், நான் நடுவில் இறங்கிக்கொள்வேன். அன்றைக்கு நான் இறங்கவில்லை. கடைசி ஸ்டேஷன் வரைக்கும் சண்டை.

"கடன் உச்சவரம்பைச் சும்மா வெச்சிருந்தாங்களா மச்சான்? 55 விழுக்காடா இருந்துச்சு. 2020 ஆகஸ்ட்ல 60 ஆக்குனாங்க. 2021 அக்டோபர்ல 65. கொரோனாவுக்குன்னு தனி நிதி, 45 பில்லியன்னு ஆரம்பிச்சு 65 ஆகி 110-ல வந்து நின்னுச்சு. இன்னும் எவ்வளவு ஏத்தணும்?"

நியாயமான கேள்வி. நாட்டின் மொத்த உற்பத்தியில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பதினாலு மாதத்தில் இரண்டு தடவை அழித்து மேலே போட்டார்கள். 2020 டிசம்பரில் ஃபிட்ச் நிறுவனம் மலேசியாவின் கடன் தரத்தை ஒரு படி இறக்கியது. 2019 முடிவில் கூட்டரசுக் கடன் 793 பில்லியன். 2024 முடிவில் ஏறக்குறைய 1,250 பில்லியன். அரசாங்கத்துக்கு 100 வெள்ளி வருமானம் வந்தால் 15, 16 வெள்ளி வட்டிக்கே போகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கோ பள்ளிக்கூடக் கூரைக்கோ போயிருக்க வேண்டிய காசு. கோடு தேவையில்லை, அள்ளி வீசுங்கள் என்று சொல்ல நானும் தயாராக இல்லை. வட்டிக் கணக்கைப் பார்க்காமல் கைமாத்து வாங்கிய குடும்பங்களின் கதி என்ன என்று 'ஆலோங்' வட்டிக்காரர் சுவரொட்டி ஒட்டாத லைட்டுக் கம்பமே இல்லாத ஊரில் இருக்கிற நமக்குத் தெரியாதா?

ஆனால் அவனிடம் நான் கேட்டது வேறு. மழை வந்த அன்றைக்குக் கூரையைப் பற்றிப் பேசுகிறோமே, வெயில் அடித்த இருபது வருஷம் என்ன செய்தோம்? 1998-லிருந்து இன்று வரை ஒரு வருஷம்கூட நம் பட்ஜெட் உபரியில் முடிந்ததில்லை. பொருளாதாரம் ஓகோவென்று இருந்த வருஷங்களிலும் பற்றாக்குறைதான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்ரீ கெம்பாங்கானில் மைன்ஸ் பேரங்காடிக்குப் பக்கத்தில் பெரிய ஏரி இருக்கிறதே, படகுகூட ஓடுமே, அது ஏரியே இல்லை. ஈயம் எடுத்த பள்ளம். ஹாங் ஃபாட் சுரங்கம் என்று பெயர்; ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பேரெடுத்தது. ஈயம் போனது, பள்ளம் மிஞ்சியது, தண்ணீர் நின்றது, சுற்றி ஹோட்டல் கட்டினோம். ஈயத்துக்குப் பிறகு எண்ணெய் வந்தது. எண்ணெய்க் காசில் வருங்காலத் தலைமுறைக்கென்று 1988-இல் தேசிய அறநிதி ஒன்றைத் தொடங்கியதும் உண்மைதான். நல்ல யோசனை. ஆனால் அதில் வருஷா வருஷம் ஒழுங்காகப் போட்டு நிரப்பியிருந்தால், 2021-இல் தடுப்பூசி வாங்க அவசரகால ஆணையின் வழி அந்த நிதியின் சட்டத்தைத் திருத்தி அதிலிருந்து 5 பில்லியன் எடுக்க அனுமதிப்பது ஒரு பெரிய செய்தியாகவே ஆகியிருக்காது. 2020-இல் பெட்ரோனாஸ் தந்த ஈவுத்தொகை 34 பில்லியன். அதில் 10 பில்லியன் 'இன்னும் கொஞ்சம் கொடுங்கள்' என்று கூடுதலாக வாங்கியது.

வெயில் காலத்தில் காசு எங்கே போனது என்றால், பெரும்பகுதி பெட்ரோல் தொட்டிக்குள். கொரோனா ஓய்ந்த 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மானியத்துக்கும் சமூக உதவிக்கும் அந்த ஒரே வருஷத்தில் 67 பில்லியன் வெள்ளிக்கு மேல் செலவு. அதில் சிங்கப்பங்கு எரிபொருளுக்கு. என் கப்சாய் மோட்டாருக்கும் அப்போது லிட்டர் 2 வெள்ளி 5 காசு. முதலாளியின் மெர்சிடிஸுக்கும் அதே 2 வெள்ளி 5 காசு. அவருக்கு எழுபது லிட்டர், எனக்கு நாலு. யார் அதிகம் வாங்கிக்கொண்டது? எட்டுத் திட்டத்துக்கும் சேர்த்து நேரடியாக இறக்கிய 83 பில்லியனில் ஐந்தில் நாலு பங்குக்கு வந்துவிட்டது, முழு அடைப்பே இல்லாத ஒரே வருஷத்துச் செலவு.

அளக்க வேண்டிய நேரத்தில் அள்ளுகிறோம். அள்ள வேண்டிய நேரத்தில் வந்து படியைத் தேடுகிறோம். அம்மாவின் பழமொழியில் நான் சேர்க்க நினைப்பது இந்த ஒரு திருத்தம்தான்.

நண்பன் விடவில்லை. "அதான் இப்ப சட்டம் போட்டாச்சே. 2023-ல." உண்மை. பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டம், 2024 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது. பற்றாக்குறையை உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் கொண்டுவர வேண்டும், கடன் 60-க்கு மேல் போகக் கூடாது, அரசாங்கம் அடுத்தவர் கடனுக்குக் கொடுக்கும் உத்தரவாதம் 25-க்குள். நெருக்கடி வந்தால் விலகலாம். ஆனால் ஏன் விலகினோம், எப்படித் திரும்புவோம் என்று நாடாளுமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். பற்றாக்குறையும் 2021-இல் 6.4 விழுக்காடாக இருந்தது 2024-இல் 4.1-க்கு இறங்கியது. டீசல் மானியத்தையும் 2024 ஜூனில் வெட்டினார்கள். 2025 செப்டம்பர் கடைசியில் பெட்ரோலும் மைகாட் காட்டினால் 1 வெள்ளி 99 காசு என்று மாறியது. எல்லாம் சரியான திசைதான், கொஞ்சம் மெதுவாக. (மெர்சிடிஸ் முதலாளிக்கும் மைகாட் இருக்கிறது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.)

கோடு போட்டுக்கொண்ட நாடுகளும் தடுமாறத்தான் செய்கின்றன. ஜெர்மானியர்கள் 2009-இல் கடன் வரம்பை அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தவர்கள். 2020-இல் கொரோனாவுக்காக அதை ஒதுக்கி வைத்தார்கள். செலவாகாமல் மிஞ்சிய 60 பில்லியன் யூரோ கடன் அனுமதியைப் பருவநிலை நிதிக்கு நைசாக நகர்த்தினார்கள். 2023 நவம்பரில் அவர்களின் அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நெருக்கடிக்கு என்று வாங்கியது நெருக்கடிக்குத்தான். இந்தத் தீர்ப்பு எனக்குப் பிடிக்கும். மொய்க் காசை எடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கக் கூடாது என்பது மாதிரி.

ஆனால் எனக்கு அதைவிட நெருக்கமாகத் தோன்றுவது தமிழ்நாட்டு உதாரணம். இங்கே நாம் வெள்ளைக் கொடி கட்டிய அடுத்த மாசம், 2021 ஆகஸ்டில், அங்கே நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். மாநிலக் கடனைப் பங்கு போட்டால் ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் என்று கடைசி ரூபாய் வரைக்கும் சொன்னார். அதே அரசாங்கம் அதற்குச் சற்று முன்புதான் அரிசிக் குடும்ப அட்டை ஒன்றுக்கு 4,000 ரூபாய் கொரோனா நிவாரணம் கொடுத்து முடித்திருந்தது. பந்தி முடிந்த கையோடு கடன் கணக்கைச் சபையில் வைத்துவிட்டார்கள். ஒன்பது மாசம் கழித்து இலங்கை கையை விரித்துவிட்ட நேரத்தில் அதே கடன்கார மாநிலம்தான் 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்து என்று 123 கோடி ரூபாய்க்குக் கப்பலேற்றத் தீர்மானம் போட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் யாழ்ப்பாணத்துச் சொந்தம் உள்ள ஒரு பெரியவர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "கடன்காரன் குடுக்குற சோறு கொஞ்சம் கூடுதலா ருசிக்கும்" என்றார். கேலியாகச் சொன்னாரா, உருகிச் சொன்னாரா தெரியவில்லை. மாநிலத்தின் கணக்கில் 123 கோடி ஒரு பெரிய தொகையே இல்லை. எத்தனை கடன் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நம்மிடமும் கணக்கைத் திறந்து காட்டியபோது நடந்ததை மறந்துவிடாதீர்கள். 2018 மே மாசம், ஆட்சி மாறியதும், கடன் ஒரு டிரில்லியன் என்றார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? தபோங் ஹராப்பான் நிதியில் காசு போட்டார்கள்! பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் உடைத்துக் கொடுத்தார்கள். 20 கோடி வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. ஒரு டிரில்லியனுக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம். ஆனால் அரசாங்கத்தின் கடனுக்காகக் குடிமக்கள் மொய் எழுதிய ஊர் இது. மூணு வருஷம் கழித்து அதே குடிமக்களில் சிலர் தலையணை உறையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

காசு மட்டும்தான் பிரச்சினை என்றும் சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 18, கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். உச்சவரம்பை 65-க்கு ஏற்றி இரண்டு மாசம்தான் ஆகியிருந்தது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்று தேவைப்பட்டது வெள்ளி இல்லை, படகு. படகு வைத்திருந்த தனியார்தான் முதலில் போனார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் அடுப்பு அணையவே இல்லை. யார் எந்த மதம் என்று கேட்காமல் பொட்டலம் போனது. குடும்பத்துக்கு ஆயிரம் வெள்ளி அன்பளிப்பு, அதற்குப் பிறகு பெரிய உதவித் திட்டம் எல்லாம் வரத்தான் செய்தன. நாடு முழுக்கச் சேதம் 6.1 பில்லியன், அதில் பாதிக்குப் பாதி சிலாங்கூரில். படகும் பட்டியலும் முன்கூட்டியே தயாராக இருந்தால் செலவு குறைவு. யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு நாள் சம்பளம், யாருக்கு நடக்க முடியாது என்று தெரியாத அரசாங்கம் ஒன்று எல்லோருக்கும் கொடுக்கும், இல்லையென்றால் யாருக்குமே போய்ச் சேராது. 'பாடு' தரவுத்தளம் 2024-இல் வந்தது அதற்குத்தான். அந்த வகையில் பார்த்தால் வெள்ளைக் கொடியைவிடத் துல்லியமான தரவு இதுவரை இந்த நாட்டில் வந்ததில்லை என்பேன். பொய்யாகக் கொடி கட்டினவர்கள் இருந்திருப்பார்கள். இருக்கட்டும். அவர்கள் தின்ற சார்டின் டின் கணக்கு நாட்டைக் கவிழ்க்காது.

புத்ராஜெயா செண்ட்ரலில் இறங்கும்போது நண்பன் கேட்டான், "சரி, நீ நிதியமைச்சரா இருந்தா அன்னைக்கு இபிஎஃப்ப திறந்துவிட்டிருக்க மாட்டியா?" திறந்துதான் விட்டிருப்பேன். பசித்தவனிடம், சேமிப்பை எடுக்கும் 55 வயசைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் அதை அரசாங்க உதவித் திட்டத்தின் பக்கத்தில் போட்டு மொத்தத் தொகையைப் பெருக்கிக் காட்டியிருக்க மாட்டேன். கடன் என்று எழுதியிருப்பேன்: இன்னாரிடமிருந்து அரசாங்கம் வாங்கிய கடன், இன்ன வருஷத்துக்குள் இவ்வளவாகத் திரும்பப் போடப்படும் என்று. அப்படிப் போட்டிருந்தால் கடன் விழுக்காடு 65-ஐத் தாண்டியிருக்கும், கோடு உடைந்திருக்கும் என்றான். ஆமாம். இப்போது கோடு உடையவில்லை. 2021-இல், 55 வயசுக்குக் கீழ் உள்ள உறுப்பினர்களில் 61 லட்சம் பேரின் கணக்கில் 10,000 வெள்ளிகூட இல்லை என்று இபிஎஃப்பே சொன்னது. உடைந்தது அங்கே.

2024 மே மாசத்திலிருந்து இபிஎஃப்பை மூணாகப் பிரித்துவிட்டார்கள். 75 விழுக்காடு கிழட்டுக் காலத்துக்கு, 15 வீடு, படிப்பு, வைத்தியத்துக்கு, 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்க. இது அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக் கணக்கு. அரசாங்கம் தன் பெட்டியையும் இப்படிப் பிரித்து வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவனிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவன் கூட்டத்தில் கலந்துவிட்டான்.

100 வெள்ளி அரிசி வாங்கி வந்த அன்று மாலை, எதிர் பிளாக் அக்கா வீட்டுக்கு வந்தார். கையில் அஞ்சு கிலோ அரிசிப் பை. அவருக்கும் மைகாட்டில் விழுந்திருக்கிறது. "அன்னைக்குக் குடுத்தீங்களே" என்றார். அம்மா வாங்க மறுத்தார், அக்கா வைத்துவிட்டுத்தான் போவேன் என்றார். பத்து நிமிஷம் இழுபறி. கடைசியில் அம்மா பால் டின்னை எடுத்து வந்து ரெண்டு டின் மட்டும் அளந்து, இரண்டாவதைத் தலைதட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பையோடு திருப்பிக் கொடுத்தார்.

அக்காவுக்குக் கேன்டீன் வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. வீட்டுக்காரருக்கு முதுகு போய்விட்டது, லோரிக்குப் போவதில்லை. போனில் இபிஎஃப் செயலியைத் திறந்து என்னிடம் காட்டினார். ஐ-சினாரிலும் ஐ-சித்ராவிலும் எடுத்தது போக, பிறகு சேர்ந்ததையும் கூட்டி, நாலாயிரத்துச் சொச்சம்.

"எனக்கு 55 ஆக இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு தம்பி. அதுக்கப்புறம் எங்க மாதிரி ஆளுங்களுக்கு அரசாங்கம் ஏதாச்சும் போடுமா? உங்க கூட்டாளி புத்ராஜெயாவுலதானே இருக்காரு, கேட்டுச் சொல்றீங்களா?"

கேட்கிறேன்க்கா என்றேன். அதற்குப் பிறகு அவனோடு நாலைந்து முறை ரயிலில் போய்விட்டேன். இன்னும் கேட்கவில்லை.